பெருவிரல் சிலுவை

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அப்பாயி என் நெற்றியில் பெருவிரலால் சின்னதாக ஒரு சிலுவை வரைவாள். அப்பாவைப் பெற்றவள். காலமெல்லாம் நடவுக்குப் போனதில் நகக்கண்ணில் வண்டல் தங்கிவிட்ட, சொரசொரப்பான விரல் அது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஒருநாளும் தவறியதில்லை. அதன்பிறகு ஒருநாளும் வரையவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. அந்தத் தெருவில் நாங்கள் ஒரு வீடுதான் வேதக்காரர்கள். மாதா கோயில் ஆற்றுக்கு அக்கரையில், நடந்தால் ஒரு மணி நேரம். அப்பாயி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நடவு வயலில் மற்றப் பெண்கள் பாடுவார்கள், அவளுக்கு உதடு மட்டும் அசையும். கையில் நாற்று இருக்கும்போது ஜெபமாலையை உருட்ட முடியாது என்பதால், நட்ட குத்தை வைத்துக் கணக்குப் பிடிப்பாள். மங்கள வார்த்தை செபம் ஒன்றுக்கு ஐந்து குத்து.

“அக்கா நட்ட பயிரெல்லாம் முட்டிபோட்டு நிக்குது பாருங்கடி” என்று கூட நடுபவர்கள் கேலி பண்ணுவார்கள்.

“நிக்கட்டும், ஒங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிக்குது” என்பாள்.

அவளுடைய வலது முன்கையில் ஒரு பச்சைச் சிலுவை உண்டு. சிறுமியாக இருந்தபோது குத்தியது.

கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை, காட்டுவதற்குப் பழைய காகிதம் எதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது தலைமையாசிரியர் என்னை ‘இந்து’ என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். எங்கள் சாதியில் இந்துவாக இருந்தால் ஆதிதிராவிடர் சான்றிதழ் கிடைக்கும். வேதத்தில் இருந்தால் கிடைக்காது. தெரு ஒன்றுதான், வேலை ஒன்றுதான், பெரிய தெருவுக்காரர்கள் எங்களைக் கூப்பிடுகிற தினுசும் ஒன்றுதான். காகிதம் மட்டும் வேறு. அது இல்லையென்றால் எனக்கு விடுதியும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அப்பாவோடு வரப்பு வெட்டப் போக வேண்டியதுதான்.

வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்றார்கள். அன்று காலை மாதா படத்தைக் கழற்றி நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தோம். அம்மா எங்கிருந்தோ குங்குமம் வாங்கிவந்து அப்பாயிக்கு வைக்கப் போனாள். முருகன் காலண்டர் ஒன்றை இரவல் கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்யய்யே, தாலியறுத்த பொம்பளைக்குக் குங்குமமா? வாசல்லயே கண்டுபுடிச்சிருவாரு. நீங்கள்லாம் எங்கிட்ட டியூசன் வரணும் போலருக்கே!”

அம்மா சிரித்துவிட்டாள். அக்கா தன் வீட்டுத் திருநீற்றை எடுத்துவந்து அப்பாயியின் நெற்றியில் அழுத்தி இழுத்தாள். அப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

“கையில இருக்கே, அத என்ன பண்றது?” என்றார் அப்பா.

வழி சொன்னது நான். ஆய்வாளர் வரும்போது அப்பாயி வாசலில் சாணி மெழுகிக்கொண்டிருக்கட்டும், முழங்கைவரை சாணி இருந்தால் சிலுவை தெரியாது என்றேன். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். “படிச்ச புள்ள மூள எப்புடி வேல செய்யுது பாரு” என்றார்.

ஆய்வாளர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். நல்ல மனிதர்தான், அதட்டவில்லை.

“எந்தச் சாமிம்மா கும்புடுறீங்க?”

அப்பாயி தரையைப் பார்த்துக்கொண்டே, “காளியாத்தாளத்தாங்க” என்றாள்.

“ஞாயித்துக்கெழம கோயிலு கீயிலுன்னு போறது உண்டா?”

“வயலுக்குத்தாங்க போவேன்.”

அவர் எழுதியதைப் படித்துக்காட்டினார். நாங்கள் பரம்பரையாக இந்துக்கள், வேறு மதத்துக்கு ஒருபோதும் மாறியதில்லை என்று இருந்தது. கைநாட்டு வைக்கச் சொன்னார். சாணிக் கையைப் பார்த்துவிட்டு, “பெருவிரல மட்டும் கழுவிக்கங்க, போதும்” என்றார்.

நான்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். முன்கைக்கு வழிந்துவிடாதபடி பெருவிரலில் மட்டும் மெல்ல மெல்ல ஊற்றினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

சான்றிதழ் வந்தது. கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் வழக்கம்போல அவள்முன் குனிந்து நின்றேன். அவள் என் தோளைத் தொட்டு, “பத்தரமா போய்ட்டு வா தம்பி” என்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கோயிலுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் ஃபாதர் கையால் அப்பம் வாங்கி நன்மை எடுக்க எழுந்து போகும்போது எழுந்திருக்கவில்லை. வருடாவருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போவதும் நின்றுபோனது. விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன்.

“ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாச் சரியாப் போயிரும்ல அப்பாயி?”

“பண்ணுனா, இனிமே செய்யமாட்டேன்னும் சொல்லணும்ல. நாளைக்கு இன்னொரு ஆபீசரு வந்து கேட்டா நான் மறுபடியும் அதத்தான சொல்லுவேன்? ஒனக்காகச் சொல்லித்தான தீரணும்? மறுபடியும் செய்யப்போறத வச்சுக்கிட்டு எந்த வாயால மன்னிப்புக் கேக்குறது?”

அந்தச் சான்றிதழை வைத்துப் பட்டப்படிப்பை முடித்தேன்.

போன தை மாதம் படுத்துவிட்டாள். நான் அரசு வேலைக்குத் தேர்வாகி, சான்றிதழைச் சரிபார்க்க ஆள் வருமென்று வீடே காத்திருந்த சமயம் அது. சாகுமுன் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச ஃபாதரைக் கூப்பிடட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“கோயில் கல்லறையில எடம் கேக்காதீங்க. அங்க பேரு எழுதிருவாங்க. தம்பிக்கு ஆவாது.”

அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதுதான்.

அவள் போன அன்று வயல்களில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் வழக்கப்படி எல்லாம் நடந்தது. நெற்றியில் எதிர்வீட்டு அக்கா திருநீறு பூசினாள். இந்த முறை அவள் கேலி பேசவில்லை, அழுதுகொண்டே பூசினாள். தூக்குவதற்கு முன்னால் நான் குனிந்து, அந்தத் திருநீற்றின் மேல் என் பெருவிரலை வைத்தேன். மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துவிட்டேன். குறுக்குக் கோடு இழுப்பதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேணாம்டா. ஆளுங்க நிக்கிறாங்க.”

நின்றவர்கள் அத்தனை பேரும் எங்கள் தெருக்காரர்கள். அவள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நான் கையை எடுத்துக்கொண்டேன். வாய்க்கால் கரையில் புதைத்தோம். அடையாளத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை.

பங்குனியில் பணி ஆணை தபாலில் வந்தது. எங்கள் வீட்டுக்கு விசாரிக்க யாரும் வரவே இல்லை.