கால் விறைப்பு

முதலில் நேர்சரியில்தான் தெரியவந்தது. கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த அந்த நேர்சரியில் நான் கனகாலம் உதவியாளராக வேலை செய்தேன். சின்னப் பிள்ளைகளோடு வேலை என்றால் பாதிநாள் நிலத்தில்தான் இருக்கவேண்டும். ஒருநாள் கதைப் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பப் பார்த்தால் கால் வரவில்லை. மேசையைப் பிடித்து, முழங்காலில் நின்று, மெல்ல மெல்ல எழும்பினேன். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்துத் தாங்களும் மேசையைப் பிடித்து முனகி முனகி எழும்பினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஐம்பது வயதாகிவிட்டது, உடம்பும் வைத்துவிட்டது, அதுதான் என்று இருந்துவிட்டேன்.

சில மாதங்களில் நடை மாறியது. பாதத்துக்குக் கீழே மொத்தமான துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். கடைக்குப் போகும்போது கணவர் முன்னால் போய்விட்டுத் திரும்பி நின்று, "கொஞ்சம் கெதியா வாருமன்" என்பார். கோபத்தில் சொல்வதில்லை. அவருடைய நடையே அப்படி.

என் ஆங்கிலம் கடைக்கும் வேலைக்கும் போதும். உடம்பைப் பற்றிச் சொல்லப் போதாது. அதனால் டொக்டரிடம் மகளைக் கூட்டிப்போனேன். இங்கே பிறந்து வளர்ந்தவள் அவள். கால் விறைக்கிறது என்று சொல்லச் சொன்னேன். உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போவதையும் நாங்கள் விறைப்பு என்போம், இறுகிப்போவதையும் விறைப்பு என்போம். எனக்கு இரண்டும் இருந்தது. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, முழங்கால் இறுக்கமாக இருக்கிறது, நோகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நோகிறது என்று நான் சொல்லவேயில்லை. ஆனால் வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், டொக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். அந்தச் சொல் அப்படியே நின்றுவிட்டது.

முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். தேய்மானம் இருந்தது. என் வயதில் யாரை எடுத்தாலும் இருக்கும் என்று பின்னர் அறிந்தேன். பிஸியோவுக்கு அனுப்பினார்கள். சுவரைப் பிடித்துக் குந்தி எழும்பும் பயிற்சியைக் காலையும் மாலையும் ஒழுங்காகச் செய்தேன். நோகாத காலுக்கு நோக்குளிசையும் விழுங்கினேன். இரண்டாம் முறை போனபோது பயிற்சியைத் தொடரச் சொன்னார்கள். மூன்றாம் முறை முழங்காலில் ஊசி போட்டார்கள். போகப்போகக் கால் இன்னும் மோசமாகியது.

ஒருநாள் நேர்சரியில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது தடுமாறிச் சுவரில் சாய்ந்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலாளர் அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷி. இனிக் குழந்தைகளைத் தூக்கவேண்டாம், சமையலறையில் பழம் வெட்டினால் போதும் என்று தணிந்த குரலில் சொன்னார். அங்கேயும் கத்தி கையில் சரியாக நிற்கவில்லை. பழக்கம் இல்லாத வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கற்பூரம் காட்டும் நேரம், பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் காலைக் காட்டி, "என்ன பிள்ளை, செருப்போட வந்து நிக்கிறீர்?" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு கால் வெறுங்கால். மற்றக் காலில் செருப்பு இருந்தது. இரண்டையும் கழற்றினேன் என்றுதான் எனக்குள் இருந்தது. சன்னிதிக்கு முன்னால் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கணவர் பின்னால் வந்தார். ஏன் இப்படிக் கவனம் இல்லாமல் இருக்கிறீர் என்று கேட்டார். அதற்குப்பிறகு நெடுநாள் கோயில் பக்கம் போகவில்லை.

அடுத்தமுறை வழமையான டொக்டர் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். முழங்கால் எப்படி என்று கேட்டார். ஏனோ எனக்குக் கோயில் கதை வாயில் வந்துவிட்டது. மகளுக்கு வெட்கம், இதெல்லாம் ஏன் அம்மா என்றாள். சொல்லு என்றேன். அவள் சொன்னாள். டொக்டர் கொம்பியூட்டரை விட்டு எழும்பி வந்து சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, என் கால் பெருவிரலைப் பிடித்து, தான் அதை மேலே தூக்குகிறாரா கீழே இறக்குகிறாரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சின்னச் சுத்தியலால் தட்டியபோது கால் தன்பாட்டில் துடித்தது. பிறகு கோட்டின் பொத்தானைப் பூட்டச் சொன்னார்.

என்னால் ஏலவில்லை.

அப்போதுதான் மகள் என் கையைப் பார்த்தாள். பல மாதமாக என் காதுத்தோட்டுச் சுரையை அவள்தான் திருகிப் பூட்டிவிடுகிறாள். பொத்தான் வைத்த சட்டைகளை நான் எப்போதோ விட்டுவிட்டேன். சாப்பிடும்போது சோறு விரலால் சிந்தும். இதையெல்லாம் காலோடு சேர்த்து நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. காலுக்கு வைத்தியம் பார்க்கப்போன இடத்தில் கையைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

ஸ்கான் எடுத்தார்கள். பிழை கழுத்தில் இருந்தது. கழுத்தெலும்புகள் தேய்ந்து, உள்ளால் கைக்கும் காலுக்கும் போகும் முள்ளந்தண்டு நரம்பை நெரித்துக்கொண்டிருந்தன.

சத்திரசிகிச்சை டொக்டர் தமிழ்நாட்டுக்காரர். கணவரும் வந்திருந்தார். டொக்டர் தமிழிலேயே பேசினார்.

"ஆபரேஷன் இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தறதுக்குத்தாம்மா. ஏற்கெனவே போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

"முதலே வந்திருந்தா நல்லா நடந்திருப்பனோ?" என்று கேட்டேன்.

டொக்டர் ஸ்கான் படத்தை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க வந்துட்டுத்தானே இருந்தீங்க. கழுத்தைப் பார்க்கணும்னு எங்களுக்குத்தான் தோணல."

ஒரு டொக்டர் அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. யாரையாவது கோபிக்க முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். பஸ்சால் இறங்கும்போது என் கையைப் பிடித்த கணவர், வீட்டு வாசல்வரைக்கும் விடவில்லை.

மகள் அதற்குள் கலியாணம் முடித்து ஸ்ட்ரெதமுக்குப் போயிருந்தாள். ஒப்பரேஷனுக்கு முந்தின கிழமை வந்து, என் தலைமயிரைப் பின்னிவிட்டபடி, "அம்மா, நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றாள். அவளுக்கு அது இவ்வளவு நாளும் உள்ளே கிடந்திருக்கிறது. எங்கள் சொல்லே அப்படித்தான் பிள்ளை, எனக்கே அது என்னவென்று விளங்கவில்லை என்றேன். நம்பினாளோ தெரியாது. பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பின்னினாள்.

ஒப்பரேஷன் முடிந்து இப்போது இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கை ஓரளவு திரும்பியது. பொத்தான் பூட்டுகிறேன், கையெழுத்து வைக்கிறேன். கால் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் கெட்டுப்போகவில்லை என்பதே பெரிய விஷயம் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்குள் கைத்தடி, வெளியே பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டி. படி ஏறமுடியாது என்பதால் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

உடுப்பு அலுமாரி மேல்மாடியிலேயே இருக்கிறது. எங்காவது போவதென்றால் எந்தச் சேலை என்று கணவரிடம் சொல்லிவிடுவேன். பச்சையில் சின்னக் கரை போட்டது, இரண்டாம் தட்டில் இருக்கும் என்பேன். அவர் மேலே போய் நெடுநேரம் தேடுவார், கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்கும். கடைசியில் நீலத்தில் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுதானே?" என்பார். ஓம் என்று சொல்லி வாங்கி உடுத்திக்கொள்வேன்.