வேண்டாம் என்று சொல்லி விற்ற பேட்டரி

மொட்டைமாடிக்கு சோலார் பேனல் விற்பது பெரிய காரியமில்லை, வெயிலை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்; அதோடு பேட்டரியும் சேர்த்து விற்பதுதான் பெரும்பாடு.

வீடு வீடாக ஏறி எதையாவது விற்றவர்களுக்கு என் நிலைமை புரியும். பிளஸ் டூ முடிந்ததும் "இனி படிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு சோலார் கடையில் சேர்ந்தேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஓணத்துக்குள் ஒரு பேட்டரியாவது விற்க வேண்டும், இல்லையென்றால் என்ட்ரன்ஸ் கோச்சிங். அந்த கோச்சிங்குக்கு, மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் நிற்பது எவ்வளவோ மேல்.

காப்பி கிடைத்தது

"கரண்ட் போனா என்ன செய்வீங்கன்னு கேளு, பயந்து வாங்குவாங்க" என்றார் முதலாளி. ஊருக்குள் வலியசாலையில் பேனல் போடவிருந்த ஒரு மாமாவிடம் கேட்டேன். "அதான் பேனல் இருக்கே?" என்றார். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று, கரண்ட் போனால் பேனலும் நின்றுவிடும், பேட்டரி இருந்தால்தான் வீட்டில் லைட் எரியும் என்றேன். நன்றாகவே பயந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். "உங்காத்துக்கு வாங்குவியா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பொய் சட்டென்று வராது. பகலில் மிஞ்சும் கரண்டை மின்சார போர்டு எடுத்துக்கொண்டு பில்லில் கழிக்கும், இந்தத் தெருவில் கரண்ட் போனாலும் உடனே வந்துவிடும், அதற்கு உங்கள் பழைய இன்வெர்ட்டரே போதும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இந்தப் பொண்ணுக்கு ஒரு காப்பி குடுடி, நமக்கு வேண்டாம்னு சொல்றதுக்காக வெயில்ல வந்திருக்கா."

பச்சை விளக்கு

ஸ்ரீவராகத்தில் ஒருவர் ஏற்கனவே எங்களிடம் பேட்டரி வாங்கியிருந்தார். கண்ணால் பார்த்தால் வாங்குவார் என்று, அவருடைய பக்கத்து வீட்டு சாரை அங்கே கூட்டிப்போனேன். என் அதிர்ஷ்டம், நல்ல மழை, கரண்டும் போயிருந்தது. உள்ளே போனால் ஒரே இருட்டு. அந்த வீட்டு மாமா விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறார், மாமி மொபைல் வெளிச்சத்தில் வெண்டைக்காய் நறுக்குகிறார். சுவரில் பேட்டரி மட்டும் பச்சை விளக்கோடு ஜம்மென்று இருக்கிறது, ஃபுல் சார்ஜ்.

"மாமா, ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?"

"போட்டா கொறஞ்சு போயிடுமே! ஒரு அவசரத்துக்கு வேண்டாமா?"

பக்கத்து வீட்டு சார் செருப்பைத் தேட ஆரம்பித்தார். மாமி தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கித் தந்திருக்கலாம். அதையாவது வருஷத்துல ரெண்டு தடவை வெளில எடுத்திருப்பேன்."

முட்டை

ஓணம் நெருங்கிவிட்டது. கோச்சிங் சென்டர் பை எப்படியிருக்கும் என்று யோசித்தபடியே வித்துரா என்ற மலையோர ஊருக்குப் போனேன். அங்கே செண்பகம் அக்கா மெஷினில் முட்டை வைத்துக் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறார். இனி என்ன போகப்போகிறது என்று, வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "அக்கா, விலை ஜாஸ்தி. லைட்டுக்கும் ஃபேனுக்கும்னா வேண்டாம்."

அக்கா பின்கட்டுக்குக் கூட்டிப்போய் மெஷினைத் திறந்து காட்டினார். தட்டுகள் காலி. மழையில் லைன்மேல் மரம் விழுந்து ஒரு பகலும் ராத்திரியும் கரண்ட் இல்லை. வைத்த முட்டை மொத்தமும் போச்சு. "நான் இருட்டுல இருந்துக்குவேன் மக்களே, முட்டை இருக்குமா? எப்போ கொண்டுவந்து மாட்டுவே, அதைச் சொல்லு."

அன்றைக்கே அப்பாவுக்கு போன் செய்தேன். காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "செரி, ஜெயிச்சுட்டே. நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிரலாம், அல்லே?" என்றார்.

இப்போதெல்லாம் பேட்டரி வாங்கலாமா என்று அப்பா உட்பட யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் முட்டை வைத்திருக்கிறீர்களா?