பெரியப்பாவின் சப்பாத்து

பிள்ளையள், போன கிழமை மியூசியம் பார்த்துவிட்டு வந்து, "போரிங் அப்பா, கால் நோகுது" என்று சப்பாத்துகளைத் திசைக்கொன்றாய்க் கழற்றி எறிந்தீர்களே, அப்போது எனக்கு இன்னொரு மியூசியம் நினைவுக்கு வந்தது.

கனடாவுக்கு வர முதல் நாங்கள் ஜெர்மனியில் அகதிகளாக இருந்தோம். எனக்கு எட்டு வயது. அந்த ஊரில் ஒரு கோமகனின் அரண்மனை இருந்தது. கோமகன் என்றால் அரசனுக்கு அடுத்தபடி. அந்தப் பரம்பரை போய், இப்போது மாளிகை முழுக்க ஓவியங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிக்கற் தேவையில்லை.

அப்படி ஒரு ஞாயிறு. மறுநாள் என்ர அப்பாவுக்கு அகதி விசாரணை. அதற்கென்று பெரியப்பாவிடம் இரவல் வாங்கிய சப்பாத்தோடு, பனிக்குள்ளால் அம்மாவையும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். சப்பாத்து பெரிது, நுனியில் கடதாசி அடைத்திருந்தார்.

வாசலில் ஒரு பெட்டி நிறையப் பெரிய கம்பளிச் செருப்புகள். அப்பாவுக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சந்தோசம்.

"பாத்தியே, இவங்களும் எங்களைப்போலத்தான். சப்பாத்தோட உள்ளுக்கு விடாங்கள்."

மூன்று சோடியையும் கதவோரம் வரிசையாக விட்டுவிட்டு, கம்பளியை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். மரத்தரை கண்ணாடி மாதிரி. நான் ஒரு கோமகனின் படத்திலிருந்து அடுத்த கோமகன் வரைக்கும் சறுக்கினேன்.

"டேய், கோயில் வீதியிலை ஓடுற மாதிரி ஓடாதை!" என்றா அம்மா.

தொப்பென்று விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால், மற்ற எல்லாருடைய கம்பளிக்குள்ளும் சப்பாத்து!

"அப்பா, உது சப்பாத்துக்கு மேலால போடுறது!"

அப்பா வாசலுக்கு ஓடினார். கதவோரம் வெறுமை.

"ஐயோ, நாளைக்கு என்னத்தைப் போட்டுக்கொண்டு போவியள்?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

காவலுக்கு நின்ற பெண் கையைக் காட்டிக் கூப்பிட்டா. ஹீட்டருக்குப் பக்கத்தில் மூன்று சோடியும் காய்ந்துகொண்டிருந்தன. பெரியப்பாவின் சப்பாத்து நுனியில் நனைந்த கடதாசியை எடுத்துவிட்டு, புதுக் கடதாசியும் அடைத்திருந்தா. அப்பா வெட்கத்தோடு சிரித்தார். அவவும் சிரித்தா.

பிறகு அப்பா சப்பாத்துக்கு மேலால் கம்பளியை மாட்டிக்கொண்டு, நீள மண்டபத்தில் நெஞ்சை நிமிர்த்தி அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் நடந்தார். ஒரு கோமகனின் முன்னால் நின்று, தலையைச் சாய்த்து மெல்ல வணக்கம் சொன்னார். திரும்பப் போய், மறுபடியும் நடந்து வந்து சொன்னார். இவருக்குப் படங்களில் இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன்.

மறுநாள் வேறொரு பெரிய மண்டபத்தில், வேறு பெரிய மனிதர் முன்னால் நடந்து போகத்தான் பழகினார் என்பது, எனக்கு நீங்கள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

அன்று நீங்கள் மேலே போனபின், பனியில் நனைந்த உங்கட சப்பாத்துகளைப் பொறுக்கிச் சோடி சேர்த்து, நுனியில் கடதாசி அடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் காய வைத்தேன்.