கஞ்சிக்கு ஒரு சுற்றுலா

சண்டை முடிந்த வருஷம் எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் சுற்றுலாப் பைத்தியம் பிடித்தது. கல்முனையில் நாங்கள் நடத்தியது ஒரு சின்ன இடம். பேச்சு வராத, நடை பிந்திய, படிப்பு ஏறாத பிள்ளைகள் காலையில் வந்து மத்தியானம் போவார்கள். அதுவரை வெளியே கூட்டிப்போவது என்றாலே சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும். வான் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று அலறும் பிள்ளையை வைத்துக்கொண்டு சிப்பாய்க்கு என்ன விளக்கம் சொல்வது? இப்போது பாதை திறந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் நுவரெலியா என்றார், இன்னொருவர் கொழும்பு மிருகக்காட்சிச்சாலை என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சுனாமிக்குப் பிறகு வந்த சுற்றுலாக்களே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டிருந்தன. உதவ வந்தவர்கள் பிள்ளைகளுக்கு ஒரே நிறத் தொப்பி மாட்டி, கையில் பலூன் கொடுத்து, பதாகைக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பலூன் ஒன்று வெடித்து, ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே புகுந்துகொண்டு வரவே மாட்டேன் என்றது. நல்ல மனிதர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே போக ஆசை என்று பிள்ளைகளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்டோம். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வரும் என் சக ஆசிரியை பத்திரிகைகளில் வெட்டிய படங்களை மேசையில் பரப்பினார். யானை, பஸ், ஐஸ்கிரீம், கடல். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நெஞ்சில் கை வைத்தான். அவனுக்குச் சொற்கள் குறைவு.

"கஞ்சி. நான்."

எனக்கு உடனே விளங்கியது. நோன்பு தொடங்கப்போகிற நேரம் அது. நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் வாளியோடு வரிசையில் நின்று, நோன்பு திறக்க வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இவன் கதவடியில் நின்று வருஷா வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் வீட்டுக் கஞ்சி அயல் வீட்டுப் பிள்ளையின் கையில்தான் வரும்.

அவனுடைய உம்மா பிடி கொடுக்கவில்லை. கடல் வந்த அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர். கணவரும் வீடும் போயின. அன்று பிடித்த கையை அவர் பிறகு விடவே இல்லை. நிலையத்துக்குக் கூட்டி வரும்போதும் பிடி, திரும்பும்போதும் பிடி. மகனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது.

"அவன உட்டா எனக்கு ஆரு இருக்காங்க டீச்சர்?" என்று கேட்டார்.

 நீங்களும் வாருங்கள், பள்ளிவாசலுக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் என்னோடு நில்லுங்கள், கண் முன்னால்தான் எல்லாம் நடக்கும் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார்.

நுவரெலியாவுக்குப் போவதென்றால்கூட இவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டோம். நிலையத்துக் குழாயடியில் பிள்ளைகளை வாளியோடு வரிசையாக நிறுத்திப் பழக்கினோம். தள்ளக்கூடாது, முந்தக்கூடாது, முறை வரும்வரை நிற்க வேண்டும். முதலில் தண்ணீரெல்லாம் காலில்தான் ஊற்றுப்பட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பயந்த பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது செய்வோம் என்று விட்டுவிட்டோம். அஸர் நேரத்தில் அந்தத் தெருவில் சும்மா நடந்து பார்த்தோம்.

கஞ்சி ஊற்றுகிறவரிடம் நானே போய்க் கதைத்தேன். இந்தப் பிள்ளைகளை முன்னால் கூப்பிட வேண்டாம் என்றதும் அவர் திகைத்துப்போனார்.

"நோன்பு மாசத்துல இந்தப் புள்ளையள காக்க வெச்சா அல்லாஹ் என்னெக் கேப்பான் டீச்சர்."

"நிக்க வைங்க காக்கா. நிக்கத்தான் வாறாங்க."

இதைச் சக ஆசிரியையிடம் சொன்னபோது சிரித்தார். அவர்களுடைய கோயிலிலும் இதே கதைதானாம். இப்படியான பிள்ளை வந்தால் முதல் ஆளாகப் பொங்கலைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இரக்கப்படுவதில் எங்கள் இரண்டு ஊருக்கும் ஒரு சண்டையும் இருந்ததில்லை.

அந்த நாளும் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை என்று வைத்திருந்தோம், முதல் நாள் இவனுக்கு. பையன் வெள்ளைத் தொப்பி போட்டு, வாளியைத் துலக்கிக்கொண்டு வந்திருந்தான். உம்மா பிடித்திருந்த கையை மரத்தடியில் மெல்ல உருவிக்கொண்டு தெருவைக் கடந்து வரிசையில் நின்றான். நன்றாகத்தான் நின்றான். ஆனால் நான் கதைக்காத ஒரு பெரியவர் வாசலில் இருந்தார். அவர் பையனைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், எழுந்து போய் வாளியைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

பையன் விடவில்லை. முகம் சிவந்துவிட்டது. அவன் உம்மா தெருவில் கால் வைத்துவிட்டார். நான் எட்டி அவர் கையைப் பிடித்தேன். அவர் உதறினார். நான் விடவில்லை. அவன் அழுதுவிட்டால், வாளியை எறிந்துவிட்டால், இனி எந்த உம்மாவும் என்னை நம்பிப் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

"என்ட முறை இல்ல," என்றான் அவன். தெருவின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

பெரியவர் கையை எடுத்துவிட்டார். இதற்குள் அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். பையன் சண்டைக்குப் போகவில்லை, வரிசையின் கடைசிக்குப் போய் முதலிலிருந்து நின்றான். கஞ்சி ஊற்றுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். கூப்பிட வாய் வந்திருக்கும், கூப்பிடவில்லை. சட்டியில் அடி தெரியத் தொடங்கிய நேரத்தில் அவன் முறை வந்தது. வழித்து ஊற்றியும் வாளி பாதிதான் நிறைந்தது.

வெயில் தணிந்திருந்தது. அவன் ஓரடி ஓரடியாக வந்தான், கண் வாளியை விட்டு நகரவில்லை. நான் பிடியை விட்டதும் அவன் உம்மா ஓடிப்போய் வழக்கம்போலக் கையை நீட்டினார்.

"வாங்க மனே, கையத் தாங்க."

அவன் நின்று அந்தக் கையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். இரண்டு கையாலும் கஞ்சியைப் பிடித்திருந்தான்.

"கை இல்ல உம்மா," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார்.