ஒரே சஹனில் நாலு பேர்

இன்றுவரை நியாயம் என் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அழுததையும் சந்தோஷப்பட்டதையும் வைத்து, இவள் மனசு மாறிவிட்டாள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

அமெரிக்காவில் சான் ஹோசேயில் இருக்கும் என் காக்காவின் மகளுக்கு மூன்று வருடம் முன்னால் நிக்காஹ் நடந்தது. எங்கள் கடலோர ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அந்த நிக்காஹுக்கு எனக்கு வந்த அழைப்பு, குடும்ப வாட்ஸப் குரூப்பில் எல்லோருக்கும் வந்த அதே படம்தான். அந்த குரூப்பில் பாதிப் பேருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. தனியாக ஒரு போன் கிடையாது. என் மதினி, அதாவது காக்காவின் மனைவி, எங்கிருந்தோ வந்தவளும் இல்லை. காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளைக் காக்காவுக்குப் பேசி முடித்ததே நான்தான். அப்படிப்பட்டவளுக்கு என்னை ஒரு வார்த்தை கூப்பிட வாய் வரவில்லை.

நான் போகாமல் இருந்துவிடவில்லை. அவ்வளவு மட்டமான ஆள் நான் இல்லை. வெளியூர் விருந்தாளி எப்படிப் போவாளோ அப்படிப் போனேன். ஹோட்டலில் தங்கினேன், ஹாலில் போய் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், மறுநாள் ஃப்ளைட் பிடித்து, டெக்ஸாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்ட் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சு என்பது பெருநாள் வாழ்த்தோடு சரி.

இப்போது என் மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது. வரும் டிசம்பரில், சுகர் லேண்டிலேயே. தாய்மாமனும் மாமியும் முன்னால் நின்று நடத்தாத கல்யாணம் எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. காக்காவுக்கு இதே கவலை. அவர் நேராக எதையும் பேசத் தெரியாத மனிதர். மொராக்கோவில் ஃபெஸ் நகரத்தின் பழைய பகுதியில் ஒரு ரியாத்தை ஒரு வாரத்துக்குப் பிடித்துவிட்டு எனக்கு போன் செய்தார். ரியாத் என்றால் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய அந்த ஊர்ப் பழைய வீடு. இப்போது அவற்றில் பலவற்றைப் பயணிகள் தங்க விடுகிறார்கள். "நாம நாலு பேர் மட்டும்தான். பிள்ளைங்க வேணாம். நீ வரலேன்னா நானும் போகல," என்றார்.

நான் உடனே சரி என்றதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு மனுஷியை முறையாக எப்படிக் கூப்பிட வேண்டும் என்று மதினிக்குக் காட்ட எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. என் பெட்டியில் என் துணிகளுக்கு முன்னால் பத்திரிகையும் ஒரு பட்டுப் புடவையும் போய் உட்கார்ந்தன. என் கணவர் பார்த்துவிட்டு, "லீவுக்குப் போறமா, சண்டைக்குப் போறமா?" என்று கேட்டார். அவருக்கு ஆயில் கம்பெனியில் வேலை, தினமும் ஃப்ரீவேயில் ஆயுள் பாதி போகிறது. லீவு என்றால் தூக்கம்தான் அவருக்கு.

ஃபெஸ்ஸின் அந்தப் பகுதிக்குள் கார் வராது. எங்கள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் போட்டு ஒருவர் முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். சந்து போகப் போகக் குறுகியது. எதிரே கேஸ் சிலிண்டர் சுமந்து கோவேறு கழுதை வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கடைசியில் வண்டிக்காரர் நின்ற இடத்தில் ஒரு வெறும் சுவரும் ஒரு குட்டைக் கதவும் இருந்தன. சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. காக்கா நன்றாக ஏமாந்திருக்கிறார் என்று நினைத்தேன், கொஞ்சம் சந்தோஷமாகவே நினைத்தேன்.

உள்ளே குனிந்து நுழைந்தால் நடுவில் வானம் தெரிகிற முற்றம். தரையிலும் சுவரிலும் பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கல் பதித்திருந்தார்கள். நடுவில் ஒரு சின்ன நீரூற்று, மூலையில் ஓர் எலுமிச்சை மரம். எல்லா அறைகளும் முற்றத்தைப் பார்த்தே திறந்தன. ஆளுயரத்துக்கு மேல் உயர்ந்த தேவதாருக் கதவுகள், மரம் ஊறி உப்பியதில் எதையும் முழுசாகச் சாத்த முடியாது. எங்கள் அறைக்கு நேர் எதிரே காக்காவின் அறை. கட்டிலில் உட்கார்ந்தால் மதினி தலைமுடி உலர்த்துவது தெரியும்.

வீட்டுக்காரம்மாவை அங்கே எல்லோரும் லல்லா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருக்கு அரபியும் பிரெஞ்சும் தெரியும். எனக்குத் தெரிந்த அரபி ஓதுகிற அரபி. ஆனால் ஒரு அல்ஹம்துலில்லாஹ்வையும் ஒரு மாஷா அல்லாஹ்வையும் வைத்துக்கொண்டு குரலை ஏற்றி இறக்கினால் அரை மணி நேரம் பேசலாம் என்று அங்கேதான் கண்டுபிடித்தேன். முதல் மாலையே அவர் என்னையும் மதினியையும் மாறி மாறிக் காட்டி, இரண்டு சுட்டு விரல்களையும் சேர்த்துக் காட்டினார். சகோதரிகளா என்று கேட்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்று தலையாட்டினோம்.

அன்று மாலை புதினா டீ வந்ததும் நான் காரியத்தை ஆரம்பித்தேன். லல்லாவிடம் ஒரு பித்தளைத் தட்டு வாங்கி, புடவையை வைத்து, மேலே பத்திரிகையை வைத்து, கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பக்கத்தில் நிறுத்தினேன். "எங்க மகளோட நிக்காஹ். நீங்க ரெண்டு பேரும் அவசியம் வந்து நடத்திக் கொடுக்கணும்," என்றேன். ஒரு குறை சொல்ல முடியாத அழைப்பு. மதினி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ், கட்டாயம் வர்றோம்," என்றாள். பிறகு பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பக்கத்துல நல்ல ஹோட்டல் எது? இப்பவே புக் பண்ணிட்டா நல்லது," என்றாள்.

காக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான் ஒரு ஹோட்டலின் பெயரைச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது, ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கூடப்பிறந்தவர் மனைவி என் மகள் கல்யாணத்துக்கு வந்து ஹோட்டலில் தங்கப் போகிறாள். ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டு, மறுநாள் ஃப்ளைட் பிடிக்கப் போகிறாள். என் மகளுக்கு மாமி என்று ஒருத்தி வீட்டுக்குள் இருக்க மாட்டாள்.

ஆனால் அந்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பது சுலபம் இல்லை. காலையில் தொழுகைக்கான பாங்கு ஒரு பள்ளிவாசலில் ஆரம்பித்து, இன்னொன்றில் தொடர்ந்து, ஊர் முழுக்கப் பரவித் திறந்த கூரை வழியாக உள்ளே வரும். பிறகு குருவிகள் வரும். பிறகு சதுரமாக மடித்துச் சுட்ட ரொட்டி வரும். நம்ம ஊர் வீச்சு பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. தேனும் வெண்ணெயும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு முற்றத்து மெத்தையில் சாய்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. டெக்ஸாஸில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் ஜெலட்டின் இருக்கா, அது எந்த மாட்டிலிருந்து வந்தது, ஹலால்தானா என்று ஆராய்ந்து பழகிய கண் எனக்கு. இங்கே தட்டில் வந்ததை வாயில் போட்டால் போதும். அந்த நிம்மதியிலேயே எனக்கு உடம்பு தேறியது.

மதினியும் எதிர்ப்பக்க மெத்தையில் அதே நிம்மதியில்தான் இருந்தாள். நாங்கள் நேராகப் பேசவில்லை, கணவன்மார் வழியாகப் பேசினோம். "தேன் பாட்டிலை இந்தப் பக்கம் தரச் சொல்லுங்க," என்று அவள் காக்காவிடம் சொல்வாள், தேன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். நான் என் கணவரிடம் கொடுப்பேன், அவர் காக்காவிடம் கொடுப்பார். லல்லா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் இருவரும் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்திருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து கறி வாசனை. நான் எங்கள் அறையில் கணவரிடம் மெதுவாகத்தான் பேசினேன்.

"ஹோட்டல் கேக்குறா பாருங்க. அவ மக கல்யாணத்துக்கு ஜிம் ட்ரெய்னருக்குக்கூட போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கா. எனக்கு ஒரு குரூப் மெசேஜ்."

முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "எந்த ஜிம் ட்ரெய்னர்? நான் ஜிம்முக்கே போனதில்லடி!"

என் கணவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். எதிர் வாசலில் மதினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நடுவில் நீரூற்று.

"சரி, யோகா டீச்சர்," என்றேன்.

"ஆமா, அவங்கள போன் பண்ணித்தான் கூப்பிட்டேன். அவங்க வெளி ஆளு. வெளி ஆளத்தான் கூப்பிடணும். நீ யாரு?"

"அதைத்தான் நானும் மூணு வருஷமா கேக்குறேன். நான் யாரு?"

"யாரா? அன்னைக்குக் காலையில என் பொண்ணு குளிச்சிட்டு ஈரத் தலையோட உட்கார்ந்திருந்தா. மேக்கப் பண்றவ வெயிட் பண்றா, டைம் ஆச்சுன்னு எல்லாரும் கத்துறாங்க. அவ அசையல. 'மாமி இஸ் டூயிங் இட்'னு ஒரே பிடிவாதம். மாமி எங்க, மாமி எங்கன்னு வீடெல்லாம் தேடுறோம். கடைசியில அழுதுக்கிட்டே நான் வாரி விட்டேன். ஹாலுக்கு வந்து பாத்தா நீ ஹேண்ட்பேக்கை மடியில வச்சுக்கிட்டு கெஸ்ட் மாதிரி உட்கார்ந்திருக்க."

எங்கள் வழக்கத்தில் வாப்பாவின் தங்கையும் மாமிதான், தாய்மாமன் மனைவியும் மாமிதான். கல்யாணப் பெண்ணுக்கு மாமி தலை வாரிப் பூ வைக்க வேண்டும். அந்தப் பெண் பிறந்தபோது நான்தான் சான் ஹோசே போய் இருந்து, தினமும் குளிப்பாட்டித் தூங்க வைத்தேன். அவள் ஈரத் தலையோடு எனக்காகக் காத்திருந்த நேரத்தில் நான் ஹாலில் உட்கார்ந்து சமோசாவில் உப்பு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"ஒரு ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"வீட்டுக்காரிய யாராவது ஆள் அனுப்பிக் கூப்பிடுவாங்களா? இப்ப தட்டுல புடவையும் பத்திரிகையும் வச்சு நீ நீட்டுன பாரு, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரிக்கு வைக்கிற மாதிரி வச்ச. அதான் ஹோட்டல் கேட்டேன்."

இதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்குள் லல்லா இரண்டு கையாலும் ஒரு பெரிய மண் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடுவில் வந்துவிட்டார். அந்த ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் குஸ்குஸ். ரவையைவிடக் கொஞ்சம் பெரிய கோதுமை மணிகளை ஆவியில் வேகவைத்து மலையாகக் குவித்து, மேலே ஆட்டுக்கறி, சுற்றிலும் பூசணி, கேரட், முட்டைக்கோஸ், கொண்டைக்கடலை. ஒரே தட்டு. அதைச் சுற்றி நாலு மெத்தைகளைப் போட்டார். அவர் சொன்னதில் பிஸ்மில்லாஹ் மட்டும் புரிந்தது.

காக்காவும் வெளியே வர, நாங்கள் மூன்று பேரும் அந்தத் தட்டைப் பார்த்து நின்றோம். எங்கள் ஊர் விருந்திலும் இப்படித்தான். சஹன் என்று பெரிய வட்டத் தட்டு, அதைச் சுற்றி நாலைந்து பேர், அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒரே சஹனில் உட்கார மாட்டார்கள். விருந்தில் யார் எந்த சஹனில் என்று ஒரு சுற்றுப் பார்த்தாலே ஊரில் யாருக்கு யாரோடு ஆகவில்லை என்று தெரிந்துபோகும். உட்கார்ந்து எழுந்த பிறகு, நான் பேசமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. இது லல்லாவுக்குத் தெரியுமோ என்னவோ, எங்களுக்குத் தெரியும்.

காக்கா முதலில் உட்கார்ந்தார். போர்வைக்குள் இருந்தவர் வாசனைக்கு எழுந்து வந்து, "இது உப்புமா மாதிரி இருக்கே," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மதினி உட்கார்ந்தாள். மிச்சம் இருந்தது அவள் பக்கத்து மெத்தை. மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார்கள். எனக்குப் பசி இருந்தது. அதைவிட அதிகமாக அவள் எனக்கு வேண்டியிருந்தது. போய் உட்கார்ந்தேன்.

லல்லா வைத்த ஸ்பூன்களை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையால் சாப்பிட்டோம். மதினி நடுவிலிருந்த கறியைப் பிய்த்து, எலும்போடு இருந்த துண்டை என் பக்கம் தள்ளினாள். நான் நிமிரவில்லை. பூசணியை அவள் பக்கம் தள்ளினேன், இனிப்பு என்றால் அவளுக்கு உயிர். காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரம் அதிகம் என்றார். அந்தச் சாப்பாட்டில் காரமே இல்லை.

"நெய்ச்சோறுக்கு இன்னும் ஒண்ணும் முடிவாகல," என்றேன் தட்டைப் பார்த்தபடி. "மருதாணிக்கு ஆள் பாக்கல. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கள ஏர்போர்ட்ல போய்க் கூட்டிட்டு வரணும். மாடி ரூம்ல கர்ட்டன் மாத்தணும். நான் ஒருத்தி என்னத்தப் பாப்பேன்?"

மதினி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "நெய்ச்சோறு யார்கிட்ட சொல்லலாம்னு இருக்க?"

ஹூஸ்டனில் எல்லோரும் சொல்கிற கேட்டரிங் ஆள் ஒருவரைச் சொன்னேன்.

"கேட்டரிங்கா? நம்ம வீட்டு நிக்காஹுக்கா? எவனோ செஞ்ச சோறா? நான் நவம்பர் கடைசியிலேயே வந்துடுறேன். பெரிய சட்டி இருக்கா உன்கிட்ட? இருக்காது. நான் கொண்டு வர்றேன்."

"இங்க பாரு, மாப்பிள்ளை வீட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் பேசாத. கல்யாண வேலை எனக்குத் தெரியும்."

என் மகள் கல்யாணத்தில் நான் பேசக் கூடாதாம். இந்த மூன்று வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் வாயை மூடிக்கொண்டதில்லை.