குற்றவாளி என்று சொல்ல அவசரப்படாதவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது நீதிமன்ற ஊழியர் ஒருவர் போன் செய்தார். "சார், நம்ம வக்கீல் செல்லத்தாயம்மா போயிட்டாக" என்றார். அன்று எங்கள் இருவருக்கும் ஒரே வழக்கில் வாய்தா இருந்தது. மடியிலிருந்த வழக்குக் கட்டைத் திறக்க மனம் வரவில்லை.

அவரோடு சண்டை போடாத வக்கீல்கள் எங்களில் குறைவு. பேச்சுவாக்கில் யாராவது "அந்தக் குற்றவாளி" என்றுவிட்டால் டீயைப் பாதியில் வைத்துவிடுவார். "தீர்ப்பு வந்துருச்சா? போலீஸ் பிடிச்சா சந்தேகம்தான். கோர்ட்டு சொன்னாத்தான் குற்றவாளி. நடுவுல நீங்க யாரு?" என்பார். வக்கீல்களுக்கே பாடமா என்று எனக்கு எரிச்சலாக வரும். வழக்கில் சிக்கி வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது பெயரைத்தான்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மாரிமுத்து என்பவர் ஊரார் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்துப் பிழைத்துவந்தார். சில ஆடுகள் காணாமல் போனபோது போலீஸ் அவரைக் கூட்டிப்போனது. தண்ணீர் வருவது முதல் சாவு வரை எல்லாவற்றையும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வது அந்த ஊர் வழக்கம். அன்றே "ஆடு திருடிய குற்றவாளி மாரிமுத்து பிடிபட்டான்" என்று அறிவித்துவிட்டார்கள். செல்லத்தாய் வழக்கை நடத்தி அவரை விடுதலை செய்யவைத்தார். ஆனால் ஊரில் ஒருவரும் ஒரு குட்டியைக்கூட மாரிமுத்துவை நம்பி விடவில்லை. வீட்டில் உலை வைக்க வழியில்லை.

செல்லத்தாய் தீர்ப்பு நகலோடு அந்த ஊருக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். ஊர்த்தலைவர் முகம் கொடுக்கவில்லை.

"கோர்ட்டு விட்டிருச்சு, சரி. அதை நாங்க எதுக்கும்மா மைக்குல சொல்லணும்?"

"பிடிச்சன்னைக்கி மைக்குல சொன்னீகள்ல, அப்ப கோர்ட்டைக் கேட்டா சொன்னீக? சொன்ன வாயே இதையும் சொல்லட்டும்யா."

வெயில் இறங்கும்வரை கோயில் வாசலை விட்டு செல்லத்தாய் நகரவில்லை. கடைசியில் தலைவரே மைக்கைப் பிடித்தார். "மாரிமுத்து குற்றவாளி இல்லைன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. ஊர்ச்சனம் கேட்டுக்கங்க." மாரிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மறுநாளே எல்லோரும் ஆடு விட்டுவிடவில்லை. முதலில் ஒரு வீடு, பிறகு அதன் பக்கத்து வீடு என்று மெல்லத்தான் வந்தார்கள். ஆனாலும் அந்தக் குடும்பம் தலையெடுத்துவிட்டது.

செல்லத்தாய் முடிக்காமல் விட்டுப்போன வழக்கு ஒன்று போன வாரம் என்னிடம் வந்தது. நீதிமன்ற வாசலில் கைகட்டி நின்ற ஒருவர், "அக்யூஸ்டு நான்தான்யா" என்றார். கட்டைப் பிரிக்கப் போன நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்படிச் சொல்லாதீக. உங்க பேரு என்ன?"

அவர் கையை இறக்கிவிட்டு, தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். செல்லத்தாயிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.