தம்பிக்குத் தவிடன் என்று பெயர் வந்த கதை

என் தம்பியின் பெயர் தவிடன். போன மாதம் சுங்கைப்பட்டாணியில் அவன் பேத்தி கல்யாணத்தில் ஒரு தமிழறிஞர் மைக்கைப் பிடித்து, அது கடாரத்துக்கு வந்த சோழப் படைத்தளபதி ஒருவரின் பெயர் என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. தம்பியும் வெட்கமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். எனக்குக் குடித்த பாயசம் மூக்கில் ஏறிவிட்டது. அந்தத் தளபதி பிறந்த தோட்டக் கூலி லயத்து வீட்டில் நானும் இருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

ஜப்பான்காரன் காலம். சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். தம்பிக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. அதனால் இவன் பிறந்ததும் அம்மா வழக்கப்படி இவனைப் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டாள். ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளை என்றால், இதெல்லாம் ஒரு சரக்கா என்று எமன் போய்விடுவானாம். எமனை அவ்வளவு பெரிய மடையன் என்று நம்பியவர்கள் நாங்கள்.

ஆனால் எமனுக்குத் தெரியாமல் தவிட்டின் மவுசு ஏறியிருந்தது. முன்பெல்லாம் கோழிக்குப் போட்டதுதான். அரிசி பட்டாளத்துக்குப் போனபின், இரண்டு வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற எங்களுக்குத் தவிடு தீபாவளிப் பலகாரமாகிவிட்டது. தவிட்டுக்குப் பதில் கிழங்கு தரட்டுமா என்று அப்பா கேட்டுப் பார்த்தார். சின்னம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. மடியில் கிடந்ததை விட மனசில்லை.

"ஒரு படியில ஒரு பிடி குறைஞ்சாலும் புள்ள எனக்குத்தான் லா" என்று சட்டம் பேசினாள். அம்மா பால் கொடுக்கக்கூட அந்த வாசலில் போய் நின்று கேட்க வேண்டியிருந்தது. பெற்றவள் பிச்சைக்காரியைப் போல நிற்கிறேனே என்று தினமும் அழுதாள்.

கடைசியில் அப்பா தன் கல்யாண வேட்டியை ஒரு மலாய்க்கார விவசாயியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிடு வாங்கி வந்தார். பிள்ளையை நல்லபடியாக வாங்கவேண்டுமே என்று அம்மா தலை முழுகப் போனாள். அந்த நேரத்தில் மனுஷன் மூட்டையை அவிழ்த்து, தேங்காய்ப்பூ போட்டு, ரொட்டி தட்டிச் சுட்டுத் தின்றுவிட்டார். அம்மா வந்து பார்த்தபோது பாதிதான் மிச்சம்.

"எமன் என்ன, அளந்தா பாக்கப் போறான்?" என்றார், மீசையில் தவிடு ஒட்டியிருக்க.

அம்மா மிச்சத்தை முறத்தில் கொட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஈரத்தலையைக்கூடத் துவட்டவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

சின்னம்மா முறத்தைப் பார்த்தாள். தம்பி அவ்வளவுதான், இனி அந்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்தேன். அவள் தம்பியைப் பாயில் கிடத்தினாள். முறத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு பிடி அள்ளிப் பச்சையாகவே வாயில் போட்டாள். தொண்டையில் அடைத்து இருமினாள். மறுபடியும் அள்ளினாள். அம்மா தம்பியைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டதை அவள் பார்க்கவே இல்லை.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். பிள்ளையைத் திரும்பக் கேட்கப் போகிறாள் என்று பயந்து அம்மா எட்டி நடை போட்டாள்.

"அக்கா," என்றாள் சின்னம்மா, "இன்னும் கொஞ்சம் இருக்கா?"